வயரைப் பிடுங்கிய கையோடு எழுதுவது

அன்புள்ள நைனா,

உன் போனில் நம் வீட்டு ஹால் இப்போது கறுப்பாகத் தெரியும். பதறாதே. கரண்ட் போகவில்லை, திருடன் வரவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் நாற்காலி போட்டு ஏறி கேமராவின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு உள்ளே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டிருக்கும், எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ பேசுவாய், பெற்ற பிள்ளை பேச்சைத் தட்ட முடியாமல் நான் "சரி நைனா" என்பேன், கொஞ்ச நேரத்தில் வயர் மறுபடி ஏறிவிடும். என் லட்சணம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் மெயிலில் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. நான் நன்றாக இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுச் செல்வியை விட்டு உனக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறேன். அவள் பேசியிருப்பாள். ஆகவே ஆபீஸ் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போனதைச் சொன்னாய், ஷீபாவின் கல்யாணப் புடவையைப் பற்றிச் சொன்னாய். எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போதுதான் அதைச் சொன்னாய். "அம்மா, அந்தப் பழைய கம்ப்யூட்டர யாருக்கனா குட்துடு. இல்லாட்டி எடைக்குப் போட்டுடு. போன்ல நீ இன்னா பண்றன்னு எனக்குத் தெரியுது. ஹால்ல கேமரா கீது. அந்த ஒண்ணுலதான் எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கல்யாணத்துக்கு முன்னாடி நான் நிம்மதியா இருக்கணும்மா." நான் வழக்கம்போல "பாக்கலாம் நைனா" என்று வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று சொன்னால் பொய். பயம்தான் வந்தது. இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு மூலை. அதையும் கேட்கிறாயே என்ற பயம்.

அந்த மோசடிக்காரர்கள் என்னைப் பிடித்து வைத்த நாளைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். திருவள்ளூர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தபோது நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எந்த நம்பரிலிருந்து வந்தது, எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்றெல்லாம் கேட்டார்கள், சொன்னேன். அவர்கள் கேட்காத ஒன்றை நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கம்பெனியைச் சொல்ல வேண்டும்.

காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் நான் இருபது வருஷத்துக்குமேல் லைனில் நின்றேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு முறை உண்டு. பாத்ரூம் போக வேண்டும் என்றால் கையைத் தூக்க வேண்டும். லைன் லீடர் பார்ப்பாள். ஒரு ரிலீவரை அனுப்புவாள். அவள் வந்து என் இடத்தில் நின்று, என் கையிலிருந்த வயரை வாங்கிய பிறகுதான் நான் நகரலாம். பெல்ட் நிற்காது. போன இடத்தில் நான் தாமதித்தால் திட்டு எனக்கில்லை, என் இடத்தில் நிற்கிறவளுக்கு. அதனால் எல்லோரும் ஓடித்தான் போவோம், ஓடித்தான் வருவோம். நீ மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கையைத் தூக்கிவிட்டு எழுந்தேன். நீயும் அப்பாவும் பார்த்துவிட்டீர்கள். "டீச்சர், ஒன் பாத்ரூம்" என்று நீ சொல்ல, அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, அந்த நாள் வரைக்கும்.

அன்று காலை அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு நின்றபோதுதான் அந்தப் போன் வந்தது. என் ஆதாரை வைத்து யாரோ பார்சல் அனுப்பியிருக்கிறார்கள், அதில் போதைப்பொருள் இருந்தது என்றார்கள். அப்புறம் வீடியோ. காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜைமேல் கோப்புகள். இந்த மாதிரி ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நைனா. அந்த எச்சரிக்கையை சர்ச் குழுவில் பரப்பியவளே நான்தான். "எந்த போலீசும் வீடியோவில் கைது செய்யாது" என்று கொட்டை எழுத்தில், கீழே கும்பிடும் கைகளோடு. ஆனால் அவன் உன் பெயரைச் சொன்னான். உன் கம்பெனி, உன் சம்பளம், நீ தங்கியிருக்கும் இடம் எல்லாம் சொன்னான். உனக்குப் பெண் தேடியபோது நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்த பயோடேட்டாவில் இதெல்லாம் இருந்தது. எத்தனை புரோக்கர் குழுவில் அது சுற்றியதோ தெரியாது. நம் பக்கத்தில் யார் வீட்டில்தான் அப்படி அனுப்பவில்லை? அதைப் பார்த்துத்தான் ஷீபா வீட்டாரும் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் இதெல்லாம் யோசிக்க முடியுமா? "உங்க பையனையும் தூக்கிடுவோம்" என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னதையெல்லாம் செய்தேன்.

போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைக்கச் சொன்னான். வாசல் கதவைத் தாழ் போடச் சொன்னான். அனுமதி இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்றான். அடுப்பை அணைக்கக்கூட அவனைக் கேட்டுத்தான் போனேன், அதற்குள் பானை தண்ணீர் வற்றிக் கருகிவிட்டது. மேலும் கொஞ்ச நேரம் போனதும் எனக்கு அடக்க முடியவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கினேன், நைனா. அவனுக்குப் புரியவில்லை. "என்ன?" என்றான். "பாத்ரூம் சார்" என்றேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. பணம் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வலிக்கிறது. இவள் எப்படிப்பட்டவள் என்று அவனுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அதுவரை "மேடம்" என்றவன், "போ. நீ திரும்பி வரலைன்னா உன் இடத்துல உன் பையனைக் கொண்டாந்து உக்கார வைப்பேன்" என்றான்.

என் இடத்தில் நீ. எனக்கு ரிலீவராக நீ. அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான், எனக்கு அது அப்படியே லைனாகப் பட்டுவிட்டது. நான் தாமதித்தால் உனக்குத் திட்டு விழும், உனக்கு அடி விழும் என்று ஓடினேன். நம் பாத்ரூம் பின்பக்கம்தானே, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணியை அடிக்கிற சத்தம் கேட்கிறது. அவள் யாரையோ வைதுகொண்டிருப்பதுகூடக் கேட்கிறது. "செல்வி" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். போன் உள்ளே இருந்தது, யாரும் என்னைப் பார்க்கவில்லை, பின்கதவு திறந்திருந்தது. நான் கால்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "வந்துட்டேன் சார்" என்றேன்.

பிறகு பணத்தை அனுப்ப வைத்தான். இன்னும் அனுப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. காலையிலிருந்து ஓடிய போன், சூடேறி, சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அப்போதாவது எழுந்தேனா? இல்லை. அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரிலீவர் வராமல் எப்படி எழுந்திருப்பது? ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் யாரும் வரவில்லை. கடைசியில் தூறல் போட்டது. கொடியில் என் துணி காலையிலிருந்து அப்படியே கிடப்பதைப் பார்த்துவிட்டு, செல்வி பின்பக்கமாக உள்ளே வந்தாள். "இன்னாக்கா, துணியெல்லாம் நனைஞ்சிக்கினு கீது, நீ இன்னாடான்னா அணைஞ்ச போனைப் பாத்துக்கினு குந்திக்கினு கீற?" நான் வாயில் விரலை வைத்து, "உஷ், சார் கீறாரு" என்றேன். அவள் போனை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எந்த சாரு? இதுல ஒண்ணும் இல்லியேக்கா. எந்திரி. வா, எந்திரி" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

நீ அடுத்த நாளே வந்தாய். என் மடியில் முகத்தை வைத்து, "உன்ன தனியா உட்டது என் தப்பும்மா" என்று அழுதாய். என் பிள்ளை எனக்காக அழுததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீ செய்ததெல்லாம் பாசத்தில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போனில் அந்தச் செயலியைப் போட்டாய். யார் கூப்பிடுகிறார்கள், என்ன செய்தி வருகிறது, நான் எங்கே நிற்கிறேன் எல்லாம் உனக்குத் தெரியும் என்றாய். ஹாலில் முட்டை மாதிரி வெள்ளையாக அந்தக் கேமராவை மாட்டினாய். அது பார்க்க மட்டும்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஊருக்குப் போன மறுநாள், தலையை விரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து உன் குரல், "அம்மா, இன்னும் ஏன் சாப்டல?" என்கிறது. சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைப்பாய், தினமும் பார்த்தாயே. ஆனால் பார்த்தால் தெரியாது. இந்த வெயிலில் நைட்டியோடு ஃபேனுக்கு அடியில் வெறும் தரையில் படுப்பேனே, அது நின்றுபோனது. பெற்ற பிள்ளைதான், ஆனாலும் வயசான உடம்புக்கும் வெட்கம் உண்டு. பாட்டு முணுமுணுப்பது நின்றுபோனது. அப்பா போட்டோவைப் பார்த்து நான் ஏதாவது பேசுவேன், அதுவும் நின்றுபோனது. செல்வி வருவதை விட்டுவிட்டாள். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "உன் புள்ள தங்கமானவன்தான்க்கா. ஆனா எப்டி குந்தினாலும் மேலர்ந்து யாரோ பாக்கற மாதிரியே கீது. நீ வேணா என் ஊட்டுக்கு வா" என்றாள். போனேன். போய் உட்கார்ந்து டீ டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் நீ கூப்பிட்டாய், "ஹால்ல காணோமே, எங்க கீற?" என்று. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யோசித்துப் பார். அன்றைக்கு என்னை எழுப்பிவிட்டது எது? உள்ளே வந்து கையைப் பிடித்துத் தூக்கிய ஓர் ஆள். அந்த ஆளை உன் கேமரா வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இனி இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு இது பழைய இரும்பு. கம்பெனி ஆபீஸில் புது மெஷின்கள் வந்தபோது, பழையதை வேலை செய்கிறவர்களுக்கே விற்றார்கள், ஓய்வு பெறும் வருஷம் நான் ஒன்று வாங்கி வந்தேன். திறந்தால் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டேயிருக்கும். பொன்னேரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற ஸ்டெல்லா, நம் சர்ச் ஸ்டெல்லாதான், பார்த்துவிட்டு, "அக்கா, மெஷின் நல்லாதான் கீது, மேல ஏத்தி வச்சிகீற சொமதான் ஜாஸ்தி" என்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். மெனுவெல்லாம் தமிழில். அன்றிலிருந்து ஓடுகிறது பார், ஓட்டம். பின்னணிப் படத்தை மாற்றி மாற்றி வைப்பதிலேயே முதல் மாதம் போனது. ஜன்னல்கள் மூடும்போது சுருண்டு மறைகிற மாதிரி ஒரு வேடிக்கை உண்டு, அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன், சின்னப் பிள்ளை தோற்றுப்போகும். ஒரு திரையில் சர்ச் பாட்டுத் தாள், அடுத்த திரையில் ரேடியோ, இன்னொன்றில் சீட்டாட்டம் என்று நாலு திரை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவேன். வானத்தைக் காட்டுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. சிப்காட் புகையில் இங்கே எந்த நட்சத்திரம் தெரிகிறது? அதில் எல்லாம் தெரிகிறது.

ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. அது என்னைக் கேட்கும். "புதுப்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். நான் சரி என்று சொல்லும்வரை இருக்கும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாது. பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, யார் யாரைத் தெரியும் என்று எதையும் அது என்னிடம் பிடுங்கவில்லை. அதற்குக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை ஒன்று இருக்கிறது, அதில் பாஸ்வேர்ட் அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பதறி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "கெட்டுப் போவலக்கா. எத்தினி எழுத்துன்னுகூடப் பக்கத்துல கீறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்டி வச்சிகீறாங்க" என்றாள். எனக்கு அது என்னவோ மனசைத் தொட்டுவிட்டது. பிறந்ததிலிருந்து நான்தான் எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். போகட்டுமா, வரட்டுமா, எடுக்கட்டுமா. என்னிடம் அனுமதி கேட்டு, என் பதிலுக்குக் காத்திருந்தது இந்த வீட்டில் இது ஒன்றுதான். அதைத்தான் நீ எடைக்குப் போடச் சொல்கிறாய்.

நிச்சயத்துக்கு முன்னால் ஷீபா அவள் அம்மாவோடு இங்கே வந்தாளே, அன்று ஒன்று நடந்தது. ஹாலில் உட்கார்ந்தவள் மேலே பார்த்துத் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். மறுபடி சரி செய்துகொண்டாள். "அத்தை, அது ஓடுதா?" என்று மெல்லக் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன், எனக்குக் கூச்சமாகிவிட்டது. "உள்ள உக்காரலாம் அத்தை" என்று அவளே எழுந்து இந்த அறைக்கு வந்துவிட்டாள். இங்கே வந்ததும் அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது. வானத்தைத் திறந்து காட்டினேன். அவள் பிறந்த அன்றைக்கு நம் கும்மிடிப்பூண்டி மேலே எந்த நட்சத்திரங்கள் இருந்தன என்று தேடிப் பார்த்து, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் எங்கே காணாமல் போனோம் என்று நீ கூப்பிட்டுக் கேட்டாய். "சமையல்கட்டுல இருக்கோம்" என்று பொய் சொன்னேன். வருகிற மருமகள் எதிரில், பெற்ற பிள்ளையிடம், ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பொய். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்திருப்பாள்?

இந்த அறை எப்படி வந்தது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? நீ பத்தாவது படிக்கும்போது, படிக்கத் தனி அறை வேண்டும் என்றாய். அப்பா ரோலிங் மில்லில் வேலை முடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல் அடுக்கி, மேலே ஷீட் போட்டுக் கொடுத்தார். கதவு மாட்டியதும் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றாய். எதற்கு என்று அப்பா கேட்டார். "சும்மா" என்றாய். அவர் நேரே கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டிவிட்டார். அந்த வயசுப் பையன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்வான் என்று எங்களுக்குப் பயம் இல்லையா? இருந்தது. உள்ளே நீ தூங்கினாயோ, அழுதாயோ, யாருக்காவது கடிதம் எழுதினாயோ, நாங்கள் தட்டாமல் திறந்ததில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நீ பெரியவனானாய்.

இன்றைக்கு வயரைப் பிடுங்கினதற்குக் காரணம் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. இன்று மத்தியானம் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன். எழுந்து, கேமராவைப் பார்த்து, கையைத் தூக்கினேன். "நைனா, பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நீ அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருந்திருப்பாய், பார்த்திருக்கக்கூட மாட்டாய். கை தானாக ஏறியது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி பாத்திரம் தேய்க்கிறாள். அதே இடம், அதே செல்வி, அதே நான். அவனிடமிருந்து நான் இன்னும் வெளியே வரவே இல்லை நைனா. அவன் போனான், அவன் இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். இப்படி எழுதுவது உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீயும் அவனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எனக்குள்ளே தூக்கிக்கொண்டிருக்கிற இந்தக் கைக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை.

என்னை ஏமாற்றினவன் என் அறியாமையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவள் நான் என்பதைப் பிடித்துக்கொண்டான். இப்போது நீ தினமும் உன்னைக் கேட்டு நடக்க என்னைப் பழக்குகிறாய். நாளைக்கு இன்னொருவன் உன் குரலிலேயே பேசினால்? அப்படியும் செய்கிறார்களாம், ஸ்டெல்லா சொன்னாள். "அம்மா, உக்காரு" என்றால் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கேமராவின் படம் உன் போனுக்கு வருவதற்கு முன் எந்தெந்த ஊர் வழியாகப் போய் வருகிறதோ, அதுவும் நம் இரண்டு பேருக்கும் தெரியாது. பயோடேட்டாவை ஊரெல்லாம் சுற்றவிட்டுப் பட்டது போதாதா?

நான் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. பேங்குக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிமேல் போன் வழியாகப் பெரிய தொகை போகாது, நானே நேரில் போய் நிற்க வேண்டும். தெரியாதவர் யார் கூப்பிட்டாலும், எந்த சாராக இருந்தாலும், செல்வியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசுவேன். தனியாகப் பேசு, யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். உனக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன், படித்தவர்களையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். கேமராவைத் துடைத்து அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரைக் கொடுக்க மாட்டேன். போனில் நீ போட்ட செயலியை நானே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன்னுடைய பாஸ்வேர்டைக் கேட்கிறது. என் போன், என் பெயரில் சிம், வெளியே வர உன் அனுமதி வேண்டுமாம். அதை நீதான் எடுத்துவிட வேண்டும். உன்னை நான் கேட்பது அது ஒன்றுதான்.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஷீபாவிடம் அவள் போன் பாஸ்வேர்டைக் கேட்காதே. அவளாகச் சொன்னாலும், மறந்துவிடு. அவள் எங்கே என்று மேப்பில் தேடாதே, அவளைக் கேள். அவள் சொல்வதற்கு நேரமானால் பொறுத்துக்கொள். ஒரு பெண் இரண்டு மணி நேரம் எங்கே போனாள் என்று தெரியாமல் இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். உன் அப்பாவுக்கும் இருந்தது. நான் ஓவர்டைம் முடித்து வர நேரமானால் வாசலில் நின்றுகொண்டிருப்பார். வந்ததும் எதுவும் கேட்காமல், சைக்கிளைத் துடைப்பது மாதிரி பாவனை செய்வார். அந்தப் பாவனைக்காகவே அவரோடு கடைசிவரை சந்தோஷமாக இருந்தேன்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனாலும் நாளைக்கு நானும் செல்வியும் பஸ் பிடித்துப் பழவேற்காடு போகிறோம். விசேஷம் எதுவும் இல்லை, யார் வீட்டுக்கும் இல்லை. ஏரியைப் பார்த்துவிட்டு, மீன் வறுத்துக் கொடுத்தால் தின்றுவிட்டு வருவோம். இத்தனை வருஷத்தில் நான் எங்கேயும் காரணமில்லாமல் போனதில்லை. போனை எடுத்துப் போக மாட்டேன். டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறேன், நாளை முழுக்க உன் மேப்பில் அம்மா வீட்டில்தான் இருப்பாள். நீ கூப்பிட்டால் காலி வீட்டில் அடித்துக்கொண்டிருக்கும். நான் வந்து கால் கழுவிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, நானே உன்னைக் கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. காத்திரு, நைனா.

அம்மா